ஊதுபத்தி எந்தப் பக்கம் சாய்கிறது

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஒரு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் அந்த வருடத்தின் முதல் பனி அதற்கு முந்தைய வியாழனன்றுதான் விழுந்திருந்தது. முதல் பனி விழும் நாளை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. உள்ளே வந்து காலணியைக் கழற்றியவர் காப்பி வேண்டாம் என்றார், தண்ணீர் வேண்டாம் என்றார். பிறகு, "ஒரு ஊதுபத்தி இருக்குமா?" என்று கேட்டார்.

என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. வந்ததும் வராததுமாகச் சாமி கும்பிட நினைக்கும் விருந்தாளி எங்கள் வட்டத்தில் அபூர்வம். பூஜை அலமாரியைத் திறந்து, விளக்கையும் ஏற்றிவைத்தாள். வந்தவர் அந்த விளக்கில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டார். சாமி படங்களைத் தாண்டி நேராக வாசல் கதவுக்குத் திரும்பிப் போனார். குனிந்து, கதவின் அடிவிளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்தார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை சட்டென்று மடங்கி வீட்டுக்குள் ஓடியது.

"பாருங்க தம்பி," என்றார். "உங்க வீட்டுக்கு என்னைத் தவிர இன்னொரு விருந்தாளி வந்துட்டே இருக்கார். அவர் காலிங் பெல் அடிக்கறதில்ல."

அன்று அவர் ஜன்னல், மின்சுவிட்ச், குளியலறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் காப்பி குடித்தார். என் மனைவி அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "எப்படியோ வீடு முழுக்க ஊதுபத்தி காட்டிட்டாங்க, நல்லதுதானே," என்றாள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் அக்கா என்றுதான் அழைத்தோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதில் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் ஏறக்குறைய இருபது வருடங்களாக அவருடைய பிழைப்பு. அந்தக் குணம் வேலைநேரம் முடிந்ததும் அவரை விட்டுப் போவதில்லை. ஐசலின் கடைத்தெருவில் ஓர் உணவகத்துக்கு ஒருமுறை சேர்ந்து போயிருந்தோம். "இட்லி இப்பத்தான் இறக்கினது மேடம்," என்றார் பரிமாறியவர். அக்கா இட்லியின் நடுவில் விரலால் ஒரு குழி போட்டு, அதன்மேல் உள்ளங்கையைப் பிடித்து, ஆவி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தேகமோ கடுமையோ இருக்காது. யாரையும் மட்டம் தட்டுவதற்காகச் செய்வதுமில்லை. ஒன்று சரியாக இருக்கிறது என்று பிறர் சொல்வதற்கும் அது சரியாக இருப்பதற்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளி இருப்பதாக அவர் நம்பினார். அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் பழைய வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்தார். கூடத்தில் தட்டு வைத்துச் சிறிய அளவில் ஹோமம். இம்மாதிரி நாட்களில் நாங்கள் எல்லோரும் செய்வதை அந்த நண்பரும் செய்திருந்தார். கூரையில் இருந்த புகை அலாரத்தை முதல் வேலையாகக் கழற்றி, துணியில் சுற்றி, எங்கோ அலமாரிக்குள் போட்டிருந்தார். ஹோமம் மட்டுமில்லை, மிளகாய் வறுத்தாலும் அந்த அலாரம் ஊரைக் கூட்டும். அதனால் அமெரிக்காவில் தமிழர் வீட்டு அலாரங்கள் பாதி நாள் அலமாரியில்தான் வாசம். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கினியைப் பார்த்தோம். அக்கா மட்டும் கழுத்தை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூர்ணாகுதி முடிந்ததும் வீட்டுக்காரரைத் தனியே அழைத்தார்.

"புகை பூரா அந்த சீலிங் லைட்டைச் சுத்தி இருக்கற இடுக்குல மேல போகுது. கூரைக்கடியில உங்க அட்டிக்லயும் ஒரு ஹோமம் நடந்திருக்கு."

"நல்லதுதானேக்கா, மேலயும் சுத்தமாகட்டும்," என்றார் நண்பர்.

"புகை போற வழியாத்தான் ஜனவரில உங்க சூடும் போகும். அப்ப சாஸ்திரிகளைக் கூப்பிட முடியாது."

அக்காவுக்கு இந்தக் காற்றுப் பித்து பிடித்ததற்குக் காரணம் அவருடைய சொந்த வீடு. அது மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. எடிசனில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, நியூயார்க் நகரத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் வந்து தங்குவதற்காக அந்தக் கரையில் மரவீடுகள் கட்டினார்கள். ஜூனில் வந்து செப்டம்பரில் போகிறவர்களுக்குச் சுவருக்குள் குளிர் தடுக்கும் பஞ்சு எதற்கு? பின்னால் வாங்கியவர்கள் அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் வைத்து, அறைக்கு அறை ரேடியேட்டர் இழுத்து, வருடம் முழுவதும் குடியிருக்கத் தொடங்கினார்கள். வீடு மட்டும் தன்னைக் கோடைக்கால வீடாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஏரி உறைந்துவிடும். அக்கரையிலிருந்து கிளம்பும் காற்றைத் தடுக்க நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் வாடைக்காற்று பிரிந்திருக்கும் பெண்களை வருத்துவதற்காக வரும். அக்கா வீட்டில் அது சுவிட்ச் போர்டு வழியாக வந்தது. சேர்ந்திருப்பவர்களையும் வருத்தியது.

அதிகம் வருந்தியவர் அவர் கணவர், எங்களுக்கு அண்ணா. ஈரோட்டுப் பக்கத்துக்காரர், வீட்டிலிருந்தே கணினி வேலை, நல்ல சமையல்காரர். அந்த வீட்டில் அடுப்படி அவருடையது. ஏரி வீட்டில் முதல் குளிர்காலத்தைக் குரங்குக் குல்லாவோடுதான் கழித்தார். அலுவலக வீடியோ கூட்டங்களில் முதலில் அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாராம். பிறகு காமிராவை அணைத்துவிட்டுக் குல்லாவைப் போட்டுக்கொண்டாராம்.

"தம்பி, எடிசன்ல இருந்தா நாலு மனுஷரைப் பாக்கலாங்க, சூடா ஒரு காப்பி குடிக்கலாங்க. இங்க எனக்குப் பேச்சுத்துணை மானுங்க. அதுவும் குளிர்காலத்துல வர்றதில்ல."

"மானுக்கே அறிவு இருக்குன்னு சொல்ல வர்றார்," என்றார் அக்கா.

வீட்டை விற்றுவிட்டு எடிசனில் ஒரு டவுன்ஹவுஸுக்குப் போய்விட வேண்டும் என்பது அண்ணாவின் கட்சி. அக்காவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். ஏன் அந்த வீட்டின்மேல் அவ்வளவு பிடிப்பு என்று ஒருமுறை நானே கேட்டேன். ஏரியைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பவேயில்லை.

"இத்தனை வருஷமா மத்தவங்க கட்டினதுல தப்பு கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன் தம்பி. சரி பண்றது வேற யாரோ. சில சமயம் பண்றதே இல்ல. இது ஒண்ணுதான் நானே கண்டுபிடிச்சு நானே சரி பண்ணப்போறது."

முடிவில் கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அடுத்த பொங்கல் வரை அக்காவுக்குத் தவணை. பொங்கலன்று வீட்டுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் ஏரி வீடு. முடியாவிட்டால் வசந்தத்தில் விற்பனைப் பலகை. இதை என் முன்னால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தார்கள். கொரோனாவுக்கு இரண்டு குளிர்காலம் முந்தைய மார்ச் மாதம் அது.

அந்த வருடம் முழுவதும் அக்காவின் சனி, ஞாயிறுகள் அந்த வீட்டின் இடுக்குகளில் கழிந்தன. முதலில் எல்லோரையும் போல அவரும் ஆள் வைத்து அட்டிக்கில் பஞ்சு பரப்பினார். பிறகு ஏணி போட்டு மேலே போய்ப் பார்த்தார். பஞ்சு சில இடங்களில் அழுக்கேறியிருந்தது. கீழேயிருந்து வீட்டுக் காற்று ஏறிப் பஞ்சில் வடிந்து போகிறது என்று அவருக்குப் புரிந்தது. "கதவைத் திறந்து வெச்சுட்டுப் போர்வைக்குள்ள படுத்திருக்கேன்," என்று போனில் சொன்னார். பரப்பிய பஞ்சை ஒதுக்கி, குழாயும் ஒயரும் மேலே வரும் ஒவ்வோர் ஓட்டையையும் நுரை பீச்சி அடைத்தார். புகைபோக்கியைச் சுற்றித் தகரம் வைத்து, தீப்பிடிக்காத பசையால் பூசினார். மறுபடி பஞ்சை இழுத்து மூடினார். வெள்ளைக் காகித உடுப்பும் முகமூடியும் போட்டு, தலையில் அண்ணாவின் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு அவர் அட்டிக்கிலிருந்து இறங்கிவருவதை ஒரு செப்டம்பர் மதியத்தில் பார்த்தேன். கல்லூரியிலிருந்து வந்திருந்த அவர்கள் மகள் படம் எடுத்துக்கொண்டே, "மாம், இட்ஸ் எ ஹவுஸ், நாட் எ ரிலீஸ்," என்றாள்.

"ரிலீஸ்தான்டீ. ஜனவரில கோ லைவ்," என்றார் அக்கா. சோதித்து முடித்த மென்பொருளைப் புழக்கத்துக்கு விடுவதை அவர் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஊதுபத்தியை அவர் பயன்படுத்திய முறையைச் சொல்ல வேண்டும். முதலில் பாய்லரை அணைப்பார். அது விதி என்று எங்கோ படித்திருந்தார், அந்த விதியை ஒருபோதும் மீறியதில்லை. பிறகு எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, வீட்டுக் காற்றை வெளியே தள்ளும் இயந்திரங்கள் அனைத்தையும் ஓடவிடுவார். குளியலறை விசிறி, துணி காயவைக்கும் எந்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சமையலறைப் புகையிழுப்பான். அது எங்கள் வீடுகளில் எல்லாம் இருப்பதைப் போலத் தாளிப்புக்கென்றே தேடி வாங்கிய ராட்சசன். இவை உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித் தள்ளும்போது வெளிக்காற்று இருக்கிற இடுக்கிலெல்லாம் முண்டியடித்து உள்ளே வரும். அப்போது ஊதுபத்தியோடு சுவரோரமாக நடந்தால், ஒளிந்திருக்கும் ஓட்டையெல்லாம் புகையைத் தள்ளித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா அங்கங்கே நீல நிற ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டே போவார். கோடையில் அந்த வீடு அம்மை கண்டதுபோல இருந்தது. தீபாவளிக்குப் போனபோது ஒட்டுத்தாள்கள் கைவிரலில் எண்ணிவிடும் அளவுக்கு வந்திருந்தன.

டிசம்பரில் பனி கொட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூரை விளிம்பில் வரிசையாகப் பனிக்கட்டிகள் ஈட்டி ஈட்டியாகத் தொங்கின. காலை வெயிலில் அவை மின்னுவதைப் படம் எடுத்து நான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

"அழகா இருக்கா?" என்று கேட்டார்.

"அழகாத்தானே இருக்குக்கா."

"உங்க வீட்டுச் சூடு தொங்குது தம்பி. உள்ள இருக்க வேண்டியது மேல போய், கூரைப் பனியை உருக்கி, வெளியில வந்து மறுபடி உறைஞ்சு நிக்குது. நீங்க முதல் பனி எப்ப விழுந்துச்சுன்னுதானே எழுதறீங்க? கூரைல எப்ப உருகிச்சுன்னு எழுதுங்க. அதுலதான் விஷயம் இருக்கு."

அதற்குப் பிறகு பனி பெய்த மறுநாள் காரில் போகும்போது நானும் கூரைகளைப் பார்க்கத் தொடங்கினேன். வெள்ளை கலையாத கூரைக்குக் கீழே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், ஓடு தெரியும் கூரைக்குக் கீழே எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வருடம் தைப்பொங்கல் வாரநாளில் வந்தது. அமெரிக்காவில் பொங்கல் அதற்கடுத்த சனிக்கிழமைதான் பொங்கும். மூன்று குடும்பங்கள் ஏரி வீட்டுக்குப் போனோம். ஏரி கல்லாக உறைந்திருந்தது. கூரையில் வெள்ளை துளியும் கலையவில்லை. கதவைத் திறந்த அண்ணாவைக் கண்டு எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேட்டியும் கைவைத்த பனியனுமாக நின்றார்.

"வாங்க, வாங்க. தோத்துப்போனவனைப் பாக்க வந்தீங்களா? கோட்டைக் கழட்டுங்க. வேர்க்கும்."

வேர்க்கத்தான் செய்தது. பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வெளியே பனியில் புரண்டுவிட்டு வந்ததால் அவர்கள் உடைகள் எந்திரத்தில் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்பில் நான்கு கண்ணும் எரிந்தன. சர்க்கரைப் பொங்கல் ஒன்றில், சாம்பார் ஒன்றில், வடை எண்ணெய் ஒன்றில், துவையலுக்கு மிளகாய் ஒன்றில். புகையிழுப்பான் விமானம் கிளம்புவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. கத்தித்தான் பேசினோம். அண்ணா பனியனோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் இலையில் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து அக்காவைப் பார்த்து, "ஜெயிச்சுட்ட," என்றார். அக்கா அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலைலேர்ந்து ஒழுங்கா காப்பி குடிக்கல, அதான்," என்றாள். இன்னொரு நண்பர் சோபாவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "அத்தனை வடை தின்னா அப்படித்தானுங்க இருக்கும்," என்று அண்ணா சிரித்தார். எனக்கும் கண் சொக்கியது. உண்ட மயக்கம் என்று நினைத்தேன்.

அக்கா உற்சாகத்தின் உச்சத்தில் இருந்தார். ஊதுபத்தி கொளுத்தி, எல்லோரையும் கூப்பிட்டு, ஏரிப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் பிடித்துக் காட்டினார். வெளியே காற்றில் மரக்கிளைகள் ஆடின. புகை நூல் பிடித்தாற்போல் நேராக எழுந்தது. கைதட்டினோம். "வெளியில இருக்கறவர் வெளியிலயே இருக்கார்," என்றார். அடித்தளத்தில் கல் சுவரும் மரச் சட்டமும் சேரும் இடத்தைத்தான் மிகவும் சிரமப்பட்டு அடைத்ததாக முன்பே சொல்லியிருந்தார். அதையும் பார்க்கிறேன் என்றேன். இருவரும் படியிறங்கினோம்.

கீழே பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல், எரிந்து வரும் நச்சுவாயுவைப் புகைபோக்கிக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய். குழாய் தொடங்கும் இடத்தில் பாவாடை போல் விரிந்த ஒரு திறப்பு. "இங்க மட்டும் புகை உள்ள இழுக்கும் பாருங்க, சிம்னி இழுக்கும்," என்று சொல்லிக்கொண்டே அக்கா ஊதுபத்தியை அதன் விளிம்புக்குக் கொண்டுபோனார்.

புகை உள்ளே போகவில்லை. எங்கள் முகத்தை நோக்கி வந்தது.

அக்கா கையை எடுத்தார். ஒரு நொடி நிறுத்தி மறுபடி பிடித்தார். மறுபடியும் எங்கள் பக்கமே வந்தது. திறப்பின் மறுபக்கம் போய்ப் பிடித்தார். அங்கும் அதே கதை. மற்றவர்கள் சொல்வதை நம்பாத அவரை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தன் கண்ணையே நம்பாமல் அவர் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தம்பி, மேல போய் எல்லாரையும் வெளியில கூட்டிட்டுப் போங்க. கோட்டு தேட வேண்டாம். இப்பவே."

படியேறும்போது சுவரில் இருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டிப் பாய்லரை அணைத்தார். நான் பிள்ளைகளையும் பெண்களையும் வெளியே தள்ளினேன். சோபாவில் இருந்தவரை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். பட்டுப்புடவையோடும் வெறும் காலோடும் பனியில் நின்று திரும்பிப் பார்த்தோம். வருடம் முழுவதும் இழைத்து இழைத்து அடைத்த ஜன்னல்களை அக்கா ஒவ்வொன்றாகப் பிய்த்துத் திறந்துகொண்டிருந்தார். ஒட்டியிருந்த ரப்பர் பட்டைகள் கிழிந்து தொங்கின. அண்ணா இரண்டு தடவை உள்ளே ஓடி, மூன்றாம் தடவைதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. என் மனைவிக்கும் அந்த நண்பருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இருவரும் தேறிவிட்டார்கள். மீட்டரோடு உள்ளே போன தீயணைப்பு வீரர் ஒருவர் சற்று நேரத்தில் இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். அது வீறிட்டுக்கொண்டிருந்தது. புகைக்கும் நச்சுவாயுவுக்கும் சேர்த்து அந்த வீட்டில் மாட்டியிருந்த அலாரம். மாடியில் துண்டு அடுக்கும் அலமாரியில், குளியல் துண்டுகளுக்கு அடியில் கிடந்ததாம். அவர் பனியில் நின்ற எங்கள் வரிசையைப் பார்த்து, இதை யார் அங்கே வைத்தது என்று கேட்டார். அண்ணா வகுப்பில் எழுந்து நிற்கும் பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"குக்கிங்," என்றார் அவரிடம். எங்கள் பக்கம் திரும்பி, "மிளகாய் வறுத்தேனுங்க," என்றார்.

நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த அலாரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா போய் அதை வாங்கிக்கொண்டார். அலறலை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"இந்த வீட்டுல இன்னிக்கு இது ஒண்ணுதான் ஒழுங்கா வேலை பார்த்திருக்கு," என்றார்.

வெப்பம் இல்லாத வீட்டில் தங்க முடியாது என்பதால் அன்று மாலை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அலாரம் அக்காவின் மடியில் இருந்தது. முதல் நாள் அவர் காட்டிய, பெல் அடிக்காத விருந்தாளி வரும் எங்கள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துடலாங்க," என்றார் அக்கா.

அண்ணா எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காத்து வர்ற வழியெல்லாம் அடைச்சேன். மேல அடுப்படி ஹூட் இழுக்குது, பாத்ரூம் ஃபேன் இழுக்குது, துணி டிரையர் இழுக்குது. எங்கிருந்தாவது காத்து வந்துதானே ஆகணும்? ஒரு வழி பாக்கி இருந்துது. சிம்னி. அது வழியா வந்துது. வரும்போது பாய்லர் புகையையும் கூட்டிட்டு வந்துது. ஒவ்வொரு தடவையும் பாய்லரை ஆஃப் பண்ணிட்டுத்தான் டெஸ்ட் பண்ணேன். எல்லாம் சேர்ந்து ஓடினா என்ன ஆகும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்க்கல. நான் ஒரு டெஸ்டர்."

"பந்தயம் என்ன?" என்று கேட்டார் அண்ணா.

"விடுங்க."

"இல்ல, சொல்லு. பொங்கலன்னிக்கு ஸ்வெட்டர் இல்லாம சாப்பிடோணும். அவ்வளவுதானே? நான் பனியனோட சாப்ட்டேன். தம்பி சாட்சி. பந்தயத்துல மூச்சு விடறதப் பத்திப் பேச்சே இல்ல."

"எல்லாரையும் கொன்னிருப்பேங்க."

"அலாரத்தைத் துண்டுக்கடியில வெச்சது நானு. கொன்னிருந்தா ரெண்டு பேருஞ் சேர்ந்துதான் கொன்னிருப்போம்."

உள்ளேயிருந்து என் மனைவி, "கொன்ன வரைக்கும் போதும், ரெண்டு பேரும் கஞ்சி குடிக்க வாங்க," என்றாள். அக்கா சிரிக்க முயன்று அழுதுவிட்டார். அண்ணா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆனா உன் மூஞ்சி தொங்கிப்போயிரும். நாளைக்கு ஆபீஸ்னு. இந்த வருஷம் அந்த மூஞ்சியை நான் பாக்கவே இல்ல. தலையெல்லாம் பஞ்சோட, பசிக்குதுன்னு வந்து நிப்ப. அதை எடிசன்ல எந்தக் கடைல போய் வாங்கறது? போய் அந்த வீட்டுக்கு மூச்சு விட ஒரு வழி பண்ணு. நான் குல்லாவைப் போட்டுக்கறேன்."

விற்பனைப் பலகை வரவில்லை. நான் இப்போது கலிபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில் இருக்கிறேன். இங்கே குறித்துவைக்க முதல் பனி இல்லை. அவர்களோடு தொடர்பு வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்தி என்று சுருங்கிவிட்டது. ஆயுத பூஜை தோறும் ஒரு படம் அனுப்புவார் அக்கா. மடிக்கணினி, நுரை பீச்சும் துப்பாக்கி, ஏணி, இவற்றுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த அலாரம். கீழே ஒரு வரி: உங்க வீட்டு அலாரம் இப்ப எங்க இருக்கு? ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன்.

நான் அவரைக் கடைசியாக நேரில் பார்த்தது அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஏப்ரலில், எங்கள் மாற்றலுக்குச் சற்று முன்னால். ஏரி உருகியிருந்தாலும் அதன்மேல் வந்த காற்றில் இன்னும் பனியின் கூர்மை இருந்தது. பழைய பாய்லர் போய்விட்டது. புதியது தனக்கு வேண்டிய காற்றைத் தன் சொந்தக் குழாய் வழியாக வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சமையலறையில் மட்டும் ஒரு வேலை பாக்கி. புகையிழுப்பான் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு புதுக்காற்று உள்ளே வருவதற்குச் சுவரில் ஓர் ஓட்டை போட வேண்டும். வேலைக்காரர் துளைக்கருவியோடு வெளியே காத்திருந்தார். இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டியவர் அக்கா.

பென்சிலோடு சுவரின் முன் நின்றார். அந்தச் சுவரின் ஒவ்வோர் அங்குலத்தையும் ஊதுபத்தியால் தடவி, நுரையும் பசையும் கொண்டு மூடியவர். பென்சில் முனை சுவரைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணா, அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவந்து சுவரில் கவிழ்த்துப் பிடித்தார்.

"இந்த அளவு போதுமா?"

"போதும்."

கிண்ணத்தைச் சுற்றி அக்கா வட்டம் போட்டார்.

ஓட்டை விழுந்து, குழாய் பொருத்தி முடித்ததும், புகையிழுப்பானையும் பாய்லரையும் குளியலறை விசிறியையும் துணி எந்திரத்தையும் ஒருசேர ஓடவிட்டார். ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு முதலில் அடித்தளத்துக்குப் போய்வந்தார். பிறகு புதுத் திறப்பின் முன் பிடித்தார். வெளியிலிருந்து வந்த குளிர்காற்றில் புகை மடங்கி வீட்டுக்குள் ஓடியது. அவர் கை அசையவில்லை.

பக்கத்தில் நின்ற அண்ணா குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "காத்து வருதே, அடைக்கோணுமா?" என்று கேட்டார்.

"வரட்டும்," என்றார் அக்கா. "இவர் பெல் அடிச்சுட்டு வர்றவர்."